கோபமும் பயமும் வரும்போது அறிவு எந்த இடத்தில் நுழைய முடியும்? ஸ்டோயிக் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அயோனியக் கடலில் புயல் பிடித்துக்கொண்டது. கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் அழுது புலம்பினார்கள். ஏதென்ஸில் பெயர்பெற்ற, ஸ்டோயிக் என்ற பண்டைய கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த தத்துவவாதி ஒருவரும் அதே கப்பலில் இருந்ததால், அவர் என்ன செய்கிறார் என்று கெல்லியஸ் கவனித்தார். அவர் அழவில்லை, கூச்சலும் போடவில்லை. ஆனால் முகம் மற்றவர்களைப் போலவே வெளிறிப் போயிருந்தது.

புயல் அடங்கியதும் பணக்காரப் பயணி ஒருவர் வந்து அவரைச் சீண்டினார்: "எனக்கு பயமே வரவில்லை, தத்துவம் படித்த உமக்கு ஏன் முகம் வெளுத்தது?" பிறகு கெல்லியஸும் அதே கேள்வியை மரியாதையாகக் கேட்டார். தத்துவவாதி தன் பையிலிருந்து, ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இன்று நம் கைக்கு வந்திருப்பவை முதல் நான்கு புத்தகங்கள்தான், ஐந்தாவது தொலைந்துவிட்டது. அதில் இருந்ததாகக் கெல்லியஸ் எழுதிவைத்தது இதுதான்: இடி இடித்தாலோ, திடீரென்று கெட்ட செய்தி வந்தாலோ, ஞானியின் மனமும் ஒரு கணம் குலுங்கும், அவர் முகமும் வெளுக்கும். அது அவர் கையில் இல்லை. ஆனால் "இது உண்மையிலேயே பயங்கரம்தான்" என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. மற்றவர்கள் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

உணர்ச்சிகளைப் பற்றி ஸ்டோயிக்குகள் சொன்னதெல்லாம் இந்த ஒப்புதலைச் சுற்றித்தான் நிற்கிறது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள், கண்ணீரை விழுங்கு, எதையும் உணராதே என்று அவர்கள் பெயரில் இன்று பரவியிருக்கும் அறிவுரைகள் அவர்களுடையவை அல்ல. அவை ஆட்களுக்குக் கெடுதல் செய்கின்றன என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். முதல் அதிர்ச்சியை அறிவு தடுக்க முடியாது. உணர்ச்சி தலைக்கேறிய பிறகும் அறிவின் பேச்சு எடுபடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வேலை செய்யப் பழகுவதுதான் முழு முறையும்.

தொடங்கும் முன்: உணர்ச்சிக்குள் என்ன இருக்கிறது?

ஸீனோ என்பவர் கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓரமாக இருந்த, ஓவியம் தீட்டிய தூண் மண்டபம் ஒன்றில் இந்த மரபைத் தொடங்கினார். உணர்ச்சி பற்றிய கொள்கையை முழுதாகக் கட்டியவர் அவருக்குப் பின்வந்த கிரிசிப்பஸ். உணர்ச்சிகளைப் பற்றி மட்டும் நான்கு புத்தகங்கள் எழுதினார். அவை தொலைந்துவிட்டன. அவரை மறுத்து எழுதவந்த மருத்துவர் கேலன் நீளநீளமாக மேற்கோள் காட்டியதால் பல பகுதிகள் பிழைத்தன.

பிளேட்டோவுக்கு மனம் பல பாகங்கள் கொண்டது. அறிவு தேரோட்டி, ஆசையும் கோபமும் குதிரைகள். கிரிசிப்பஸ் இதை ஏற்கவில்லை. மனம் ஒன்றுதான், உணர்ச்சி என்பதே அந்த மனம் செய்யும் ஒரு தீர்ப்பு என்றார். அந்தத் தீர்ப்புக்குள் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதலாவது, "எனக்கு ஒரு பெரிய கெடுதல் (அல்லது நன்மை) வந்திருக்கிறது, அல்லது வரப்போகிறது." இரண்டாவது, "அதற்கு நான் இப்படித் துடிப்பதுதான் சரி." கெடுதல் வந்துவிட்டது என்று நம்பினால் துயரம், வரப்போகிறது என்று நம்பினால் அச்சம். நன்மை கிடைத்துவிட்டது என்றால் களிப்பு, இனிமேல் கிடைக்கும் என்றால் ஆசை. மற்ற உணர்ச்சிகளையெல்லாம் இந்த நான்கில் ஏதாவது ஒன்றின் கீழ் வைத்தார்கள். கோபத்தை வைத்தது ஆசையின் கீழ். அநியாயம் செய்ததாகத் தோன்றும் ஆளைப் பழிவாங்க வேண்டும் என்ற ஆசைதானே அது!

இது ஏன் முக்கியம்? குதிரையிடம் வாதம் செய்ய முடியாது, அடக்கத்தான் முடியும். தீர்ப்பைத் திரும்ப விசாரிக்க முடியும். உணர்ச்சிக்குள் வாக்கியம் இருக்கிறது என்றால் அந்த வாக்கியம் சரியா, தப்பா என்று கேட்கவும் வழி இருக்கிறது.

இனி வரும் படிகளுக்கு ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பதரை மணிக்கு மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி: "நாளைக் காலையில் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்." அவ்வளவுதான். வயிறு சுருங்குகிறது.

படி 1: முதல் குலுக்கலோடு சண்டை போடாதீர்கள்

ரோமானிய ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகா தன் அண்ணன் நோவாட்டஸுக்காக எழுதிய "கோபம் பற்றி" என்ற மூன்று பகுதி நூலில் உணர்ச்சியின் மூன்று கட்டங்களைச் சொல்கிறார். முதலாவது தானாக வரும் அசைவு. இரண்டாவதில் மனம் அதற்குச் சம்மதிக்கிறது: "எனக்குத் தீங்கு நடந்திருக்கிறது, நான் பழிவாங்குவது நியாயம்." மூன்றாவதில் நியாயம், அநியாயம் எல்லாம் போய்விடும். எப்படியும் பழிவாங்கியே தீர வேண்டும் என்ற வெறி மட்டும் மிஞ்சும்.

முதல் கட்டத்துக்கு அவர் தரும் உதாரணங்கள்: குளிர்ந்த நீர் மேலே பட்டால் உடல் சிலிர்ப்பது, உயரத்திலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றுவது, கெட்ட செய்தி கேட்டு மயிர்க்கூச்செறிவது. போருக்கான சைகை கிடைத்ததும் பெரிய வீரனுக்கும் முழங்கால் நடுங்கும் என்கிறார். இவை எதற்கும் நீங்கள் பொறுப்பாளி இல்லை. நெஞ்சு படபடத்ததற்காக வெட்கப்பட்டால், முதல் உணர்ச்சியோடு இரண்டாவது ஒன்றும் சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் பலன்.

செய்ய வேண்டியது: "உடம்பு குலுங்குகிறது. நான் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை." இதை மனதுக்குள் ஒருமுறை சொல்லுங்கள். படபடப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 2: தள்ளிப்போடுங்கள்

கோபத்துக்கு மிகப் பெரிய மருந்து தாமதம் என்கிறார் செனெகா. எடுத்த எடுப்பில் கோபத்திடம் "மன்னித்துவிடு" என்று கேட்காதீர்கள், "விசாரித்துப் பார்" என்று கேளுங்கள் என்பது அவர் யோசனை. பிளேட்டோவைப் பற்றி ஒரு கதையும் சொல்கிறார். அடிமை ஒருவனை அடிக்கக் கை ஓங்கியவர், தான் கோபத்தில் இருப்பதை உணர்ந்து, ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். அங்கே வந்த நண்பர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கோபக்காரன் ஒருவனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாராம்.

நம் உதாரணத்தில் இதன் பொருள், செய்திக்கு உடனே பதில் எழுதாமல் போனைக் கீழே வைப்பது. நண்பருக்கு அழைத்து "என்னவோ நடக்கப்போகுதுடா" என்று சொல்வதையும் நிறுத்திவைப்பது. ஏனென்றால் சொல்லச் சொல்ல அது உறுதிப்படும்.

உணர்ச்சி ஏற்கனவே மூன்றாம் கட்டத்துக்குப் போயிருந்தால் வாதம் உதவாது. கிரிசிப்பஸ் நடப்பவனையும் ஓடுபவனையும் ஒப்பிடுகிறார். நடப்பவன் நினைத்த இடத்தில் நிற்க முடியும். ஓடுபவன் நிற்க நினைத்தாலும் கால்கள் இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் செய்யக்கூடியது, வேகம் குறையும்வரை எதையும் பேசாமலும் எழுதாமலும் கையெழுத்துப் போடாமலும் இருப்பது மட்டும்தான்.

படி 3: உள்ளே ஓடும் வாக்கியத்தைப் பிடியுங்கள்

முறையின் இதயம் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வேகமாகத் தாண்டிப் போவதும் இந்த இடத்தைத்தான்.

ரோமானியப் பேரரசரும் ஸ்டோயிக்குமான மார்கஸ் அரேலியஸ் தனக்காக எழுதிய குறிப்புகளின் எட்டாம் புத்தகத்தில் ஒரு பயிற்சி இருக்கிறது. முதல் பதிவுகள் உனக்குச் சொல்வதைத் தாண்டி நீயாக எதையும் சேர்க்காதே என்கிறார். இன்னார் உன்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறார் என்று தகவல் வந்தது. தகவல் அவ்வளவுதான். அதனால் உனக்குக் கெடுதல் நடந்துவிட்டது என்று தகவல் வரவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பார்க்கிறேன். உயிருக்கு ஆபத்து என்பதைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் பலரைச் சாகக் கொடுத்த தகப்பன் எழுதியது இது. அந்தக் கடைசி வரியை அவர் சுலபமாக எழுதியிருக்க முடியாது.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் நான் சேர்த்தது. இடப்பக்கத்தில் எழுத ஒரே ஒரு வரிதான்: நாளைக் காலையில் பேச வேண்டும் என்று செய்தி வந்திருக்கிறது. வலப்பக்கம் நிரம்பும். நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன். வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள். வேலை போனால் குடும்பமே நாசம். அதனால் இன்று இரவு தூங்காமல் கிடப்பதுதான் நியாயம்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கிரிசிப்பஸ் சொன்ன இரண்டாவது தீர்ப்பு அதுதான். இது யாருக்கும் எளிதில் கண்ணில் படாது. "இப்படிப்பட்ட நேரத்தில் கவலைப்படாமல் இருந்தால் நான் பொறுப்பில்லாதவன்" என்று மனதின் அடியில் ஒரு விதி உட்கார்ந்திருக்கும். துக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசெரோவின் மகள் துல்லியா கி.மு. 45-இல் இறந்தாள். அதே ஆண்டில் அவர் எழுதிய "டஸ்குலன் உரையாடல்கள்" இந்தக் கொள்கையை விரிவாக அலசுகிறது. துக்கத்தில் இருப்பவர்கள் தற்செயலாகக் கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டால், உடனே தங்களையே கடிந்துகொண்டு சோகத்துக்குத் திரும்புகிறார்கள் என்று எழுதுகிறார். சாவு வீட்டில் விளையாடும் பிள்ளைகளைப் பெரியவர்கள் அதட்டி அழவைக்கிறார்கள் என்றும் சொல்கிறார். வலி ஒன்று, வலிக்கத்தான் வேண்டும் என்ற கடமை இன்னொன்று. இரண்டும் பின்னிக் கிடப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. துக்கப்படுபவரைத் தேற்ற வேண்டுமானால் முதலில் இந்தக் கடமை என்ற நம்பிக்கையைத்தான் தளர்த்த வேண்டும் என்பது கிரிசிப்பஸின் கருத்து என்று சிசெரோ குறிப்பிடுகிறார்.

கோபத்துக்கும் அதே தாள்தான். "அவர் கூட்டத்தில் என் பேச்சை இடைமறித்தார்" என்பது இடப்பக்கம். "வேண்டுமென்றே செய்தார்", "என்னை மதிக்கவில்லை", "விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்" எல்லாம் வலப்பக்கம். எழுதும்போது அலங்காரம் வேண்டாம். மனதுக்குள் எப்படி ஓடுகிறதோ அப்படியே எழுதுங்கள், கெட்ட வார்த்தை இருந்தாலும் சரி.

படி 4: ஒவ்வொரு வாக்கியத்தையும் விசாரியுங்கள்

வலப்பக்கத்தில் இருப்பவற்றிடம் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி, இது உண்மையா, எனக்கு எப்படித் தெரியும்? "நீ ஒரு தோற்றம் மட்டுமே, நீ காட்டுகிற பொருளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை" என்று மனதில் எழும் ஒவ்வொரு கடுமையான தோற்றத்திடமும் சொல்லப் பழகச் சொல்கிறார் எபிக்டெட்டஸ். "வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள்" என்பதற்கு ஆதாரம் என்ன? இதற்கு முன் இவர் பேச வேண்டும் என்று சொன்னபோதெல்லாம் என்ன நடந்தது? பாதி வாக்கியங்கள் இங்கேயே விழுந்துவிடும்.

இரண்டாவது, இது என் கையில் இருக்கிறதா? எபிக்டெட்டஸின் "கையேடு" தொடங்குவதே இந்தப் பிரிவினையோடுதான். நம் கருத்து, நாம் எதை நாடுகிறோம், எதை வெறுக்கிறோம் ஆகியவை நம் கையில். உடல், சொத்து, பெயர், பதவி நம் கையில் இல்லை. இதைச் சொன்னவர் அடிமையாக வாழ்ந்தவர். விடுதலையான பின் ரோமில் தத்துவம் கற்பித்தபோது, பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை விரட்டியதால் கிரேக்கத்தின் நிக்கோபொலிஸ் நகரில் போய்ப் பள்ளி நடத்தினார். உடலும் இருப்பிடமும் தன் கையில் இல்லை என்பதை அவர் வாழ்ந்தே அறிந்திருந்தார்.

மூன்றாவது கேள்விதான் கடினம். நான் பயப்படுவது நடந்தே விட்டாலும், அது உண்மையில் கெடுதலா? ஸ்டோயிக்குகளின் பதில் கறாரானது. அறம் ஒன்றே நன்மை, அறமின்மை ஒன்றே தீமை. வேலை, பணம், உடல்நலம், உயிர்கூட இந்த இரண்டு பட்டியலிலும் வராது. அவற்றை விரும்பித் தேர்ந்தெடுக்கலாம், காப்பாற்றவும் முயலலாம். ஆனால் அவை இல்லாமலும் நல்ல மனிதனாக வாழ முடியும்.

இதை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ள யாராலும் முடியாது. முடிந்துவிட்டது என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். கிரிசிப்பஸுக்கும் இது தெரிந்திருந்தது. உணர்ச்சி கொதித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் எது உண்மையான நன்மை என்று தத்துவச் சண்டை போடாதே, அவர் என்ன கொள்கை வைத்திருக்கிறாரோ அதற்குள்ளேயே வைத்தியம் செய் என்று எழுதியிருக்கிறார். ஆகவே முதல் இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள். ஆனால் மூன்றாவதை ஒரேயடியாகக் கைவிடவும் வேண்டாம். முதல் கேள்வி பொய்யான பயங்களை மட்டுமே கலைக்கும். மேனேஜர் உண்மையாகவே வேலையிலிருந்து எடுக்கிறார் என்றால், இரண்டாவது கேள்வியும் ஓரளவுக்கு மேல் தாங்காது. அப்போது கையில் இருப்பது மூன்றாவது மட்டும்தான். அதை அமைதியான நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக யோசித்து வைத்திருந்தால்தான் அன்று பயன்படும்.

படி 5: பழைய வாக்கியத்தின் இடத்தில் புதியதை வையுங்கள்

ஒப்புதலை மறுத்தால் மட்டும் போதாது, வேறொன்றுக்கு ஒப்புதல் தர வேண்டும். ஸ்டோயிக் ஞானிக்கும் உணர்வுகள் உண்டு. ஆசையின் இடத்தில் நல்விருப்பம், அச்சத்தின் இடத்தில் எச்சரிக்கை, களிப்பின் இடத்தில் நிதானமான மகிழ்ச்சி. துயரத்துக்கு மட்டும் மாற்று இல்லை. ஞானியிடம் உண்மையான தீமை எதுவும் வந்து சேராது என்பது அவர்கள் கணக்கு.

எச்சரிக்கையின் வாக்கியம் இப்படி இருக்கும்: "நாளை பேச்சு இருக்கிறது. கடந்த மாதம் முடித்த வேலைகளைக் குறித்துக்கொண்டு போகிறேன். நியாயமாகவும் தெளிவாகவும் பேசுவேன். முடிவு அவருடையது." எதைத் திட்டமிட்டாலும் "எதுவும் குறுக்கே வராவிட்டால்" என்ற நிபந்தனையைச் சேர்த்தே நினைக்கப் பழகுவது ஸ்டோயிக் வழக்கம். முடிவை உறுதியாகப் பிடித்துக்கொள்ளாமல் முயற்சியை முழுதாகச் செய்ய அது உதவும்.

கோபத்துக்கு எபிக்டெட்டஸ் ஒன்று சொல்கிறார். ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு கைப்பிடிகள். உன் சகோதரன் உனக்கு அநியாயம் செய்தான் என்றால், "அநியாயம் செய்தான்" என்ற பக்கத்தைப் பிடித்தால் தூக்க முடியாது. "அவன் என் சகோதரன், என்னோடு வளர்ந்தவன்" என்ற பக்கத்தைப் பிடித்தால் தூக்கலாம்.

படி 6: முன்கூட்டியே ஒத்திகை

குளிக்கப் போகும்முன் பொதுக் குளியலறையில் என்னென்ன நடக்கும் என்று நினைத்துப் பார் என்கிறார் எபிக்டெட்டஸ். தண்ணீரைத் தெறிக்கவிடுவார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். "குளிக்கவும் வேண்டும், என் மனதைச் சீராக வைத்துக்கொள்ளவும் வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு போ. மார்கஸும் காலையில் எழுந்ததும், இன்று நன்றிகெட்டவர்களையும் திமிர் பிடித்தவர்களையும் சந்திக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்.

இதைக் காலையில் சில நிமிடங்களுக்குள் முடியுங்கள். முடிவில் "அப்போது நான் என்ன செய்வேன்" என்ற பதில் வர வேண்டும். பதில் இல்லாமல் காட்சிகள் மட்டும் ஓடினால் அது வெறும் கவலை. உடனே நிறுத்திவிடுங்கள்.

படி 7: இரவுக் கணக்கு

செனெகா இந்தப் பழக்கத்தை செக்ஸ்டியஸ் என்ற முன்னோடியிடமிருந்து எடுத்துக்கொண்டார். விளக்கை அணைத்து, மனைவியும் அவர் வழக்கம் அறிந்து பேச்சை நிறுத்தியதும், அந்த நாள் முழுவதையும் தனக்குள் திரும்பப் பார்ப்பாராம். இன்று எந்தக் குறையைச் சரிசெய்தாய், எதை எதிர்த்து நின்றாய், எந்த வகையில் மேம்பட்டாய் என்பவை செக்ஸ்டியஸின் கேள்விகள். "அந்த விவாதத்தில் தேவைக்கு மேல் சூடாகப் பேசிவிட்டாய். இனி அப்படிச் செய்யாதே. இந்த முறை உன்னை மன்னிக்கிறேன்" என்ற தொனியில் செனெகா தனக்குத் தானே பேசுகிறார். அந்தக் கனிவை விட்டுவிடாதீர்கள். தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் கணக்கை இரண்டு வாரம்கூட யாராலும் தொடர முடியாது.

இந்த முறையை எங்கே காட்டக் கூடாது

மற்றவர்களிடம். அழுதுகொண்டிருப்பவரிடம் போய் "இது உங்கள் தீர்ப்புதான்" என்று சொல்வது கொடுமை. அப்படிப்பட்டவரோடு ஆறுதலாகப் பேசத் தயங்காதே, தேவைப்பட்டால் சேர்ந்து வருந்து, உள்ளே மட்டும் நிலைகுலையாதே என்பது எபிக்டெட்டஸின் அறிவுரை.

இன்னொரு நிகழ்ச்சியும் அவர் உரைகளில் இருக்கிறது. அதிகாரி ஒருவர் வந்து, தன் சின்ன மகளுக்கு உடம்பு மோசமானபோது தாங்க முடியாமல் வீட்டைவிட்டு ஓடிவிட்டதாகவும், குணமாகிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகே திரும்பியதாகவும் சொல்கிறார். எந்தத் தகப்பனுக்கும் இது இயல்புதானே என்பது அவர் வாதம். எபிக்டெட்டஸ் கேட்கிறார்: அவளுடைய தாய்க்கும் செவிலிக்கும் அவள்மேல் பாசம் இருந்ததல்லவா, அவர்களும் ஓடியிருக்க வேண்டுமா? உங்களுக்கு நோய் வந்தால், உங்கள்மேல் அன்பு வைத்தவர்கள் இப்படித் தனியே விட்டுப்போவதை விரும்புவீர்களா? ஸ்டோயிக்குகளைப் பாசமற்றவர்கள் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும். தகப்பனைப் படுக்கையருகிலிருந்து விரட்டியது கட்டுக்கடங்காத உணர்ச்சி. அறிவு பேசியிருந்தால் அவரை மகள் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கும்.

வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, இந்தப் படிகளை நம்பித் தனியாக உட்கார வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு இன்று தரப்படும் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக், அதன் தத்துவ வேர்கள் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதாக 1979-இல் வெளிவந்த தன் நூலிலேயே சொல்லியிருக்கிறார். ஆகவே சிகிச்சைக்குப் போவது இந்த மரபைக் கைவிடுவது ஆகாது.

எப்போது பலன் தெரியும்?

எல்லா உணர்ச்சிகளையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். உங்களை அதிகம் ஆட்டிப்படைப்பது எதுவோ, கோபமோ பயமோ, அதை மட்டும் எடுத்து முதல் மூன்று படிகளைப் பழகுங்கள். தாளில் எழுதாமலே அந்த வாக்கியம் காதில் விழத் தொடங்கிய பிறகு நான்காவதுக்குப் போகலாம்.

அளவிடுவதற்கு எபிக்டெட்டஸ் ஒரு வழி சொல்லியிருக்கிறார். கோபப்படாத நாட்களை எண்ணு. முன்பு தினமும் கோபம் வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கு நாளைக்கு ஒருமுறை. முப்பது நாள் வராமல் இருந்தால் கடவுளுக்குப் பலி கொடுத்து நன்றி சொல். பழக்கம் முதலில் பலவீனமாகும், அப்புறம்தான் அழியும் என்கிறார். காலண்டரில் ஒரு புள்ளி வைத்தால் போதும். எண்ணும்போது முதல் குலுக்கலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒப்புதல் தந்த நாட்களை மட்டும் கோபப்பட்ட நாட்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.